மருமகள் டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேர். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஐந்தும் சொந்தக் காலில் நிற்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். அடுத்தவர் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவார்கள்.

வெளிநாட்டில் இருந்த மூத்த மகன் ஒரு தீபாவளி சமயத்தில் வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கறுப்பு நிறம், நல்ல கனம். ஓடும்போது மாவு மில் மாதிரி இரைச்சல் போடும். சிவகாசி அச்சாபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த இரண்டாவது மகன் அதைச் சும்மா விடவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றுகிற எதையோ அதில் ஏற்றினான். விரல் நீளத்துக்கு ஒரு கருவியைச் செருகி, கேபிள் ஒயரை அதில் மாட்டினான். அதன் பிறகு டிவியில் வருவதை அந்தப் பெட்டி பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டபோது காட்டியது. பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போன அவன் பெண்டாட்டியை வேன் இருட்டித்தான் கொண்டுவந்து விடும் என்பதால், அவள் அதுவரை ஒரு நாடகமும் முழுசாகப் பார்த்ததில்லை. பெட்டி வந்த பிறகு பார்த்தாள். எனக்கும் நல்லதுதான், கதை சொல்கிற வேலை மிச்சம்.

அந்த வருஷம் டிவிக்காரர்கள் எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்து, மகளிர் குழுப் பெண்களைப் பேசவிட்டுப் படம் பிடித்தார்கள். என் மருமகளும் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடுவதாகச் சொன்னார்கள். பட்டாசு சீசன் நேரம், ஞாயிறும் அவளுக்கு வேலை உண்டு. மகனுக்கும் காலண்டர் ஆர்டர். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். மகன் எனக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மூன்று தரம் காட்டினான். வேன் ஏறப் போனவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அத்தை, என் மொகத்த நான் ஒருதடவ பாக்கணும். மறந்துறாதீக.”

கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நேரத்துக்குப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மருமகள் டிவியில் வந்தாள், பேசினாள். அடுத்தவள் பேச ஆரம்பித்தபோது மேற்கே இருட்டிக்கொண்டு ஓர் இடி இடித்தது. நான் முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வானம் உறுமினால் ஃபோர்மேன் விசில் ஊதுவார்; மருந்தை மூடிவிட்டு ரூமை விட்டு வெளியே ஓடுவோம், ஒருத்தர் மெயினை அணைப்பார். கடைசிப் பத்து வருஷம் அந்த ஒருத்தர் நான்தான். என் கை என்னைக் கேட்கவில்லை. வீட்டு மெயினை இறக்கிவிட்டு, மழை விடும்வரை வாசல்படியில் நின்றேன். திரும்பப் போட்டபோது சிவப்பு விளக்கு இல்லை. சாயங்காலம் மகன் வந்து என்னென்னவோ செய்து பார்த்தான். பாதியில் அணைந்ததால் பதிவு திறக்கவில்லை. மறுபடி போடுவார்களா என்று விசாரித்தான், போடமாட்டார்களாம்.

கரண்டு போய்விட்டது என்று அவனிடம் சொன்னேன். வேனை விட்டு இறங்கி, முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடரோடு ஓடி வந்தவளிடமும் அதையே சொன்னேன். பெட்டியைப் பார்த்தாள். “போகட்டும் அத்தை, கரண்டுக்கு நீங்க என்ன செய்வீக” என்று என்னைத் தேற்றினாள்.

மறுநாள் காலையில் தெருக் குழாயில் எதிர்வீட்டுக்காரி எங்களைப் பிடித்துக்கொண்டாள். சேலை நன்றாக இருந்ததாம், நிகழ்ச்சி முழுவதையும் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். எங்கள் தெருவுக்கு ஒரே கரண்டு லைன். மருமகள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து குடத்தைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் கைகால் கழுவி வரும்வரை காத்திருந்தேன்.

“கரண்டு போகல, தாயி. நாந்தான் மெயின அமத்துனேன்.”

“இடிக்கா?”

“இடிக்குத்தான்.”

துண்டால் முகத்தைத் துடைத்தாள். “நானா இருந்தாலும் அமத்தித்தான் இருப்பேன்” என்றாள். அதன் பிறகு மெதுவாக, “நீங்க பாத்தீகளா? எப்படி இருந்தேன்?” என்று கேட்டாள்.

பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஊதாச் சேலை டிவியில் நீலமாகத் தெரிந்தது. முன்நெற்றியில் முடி விழுந்ததும், கையில் பவுடர் இல்லாத நாளிலும் விரலால் ஒதுக்காமல் மணிக்கட்டால் ஒதுக்கினாள். “நானா? அப்படியா செஞ்சேன்?” என்று சிரித்தாள். வேலை விட்டு வந்ததும் முதலில் என்ன செய்யப் பிடிக்கும் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். அதற்கு அவள் சொன்ன பதிலைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பதிவும் இல்லை, விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

“யாரும் கூப்பிடாம கொஞ்ச நேரம் உக்காரணும்னு சொன்ன.”

அவள் முகம் மாறிவிட்டது. “அதையும் போட்டுட்டாகளா அத்தை?”

“போட்டாக. நல்லாக் கேட்டுச்சு.”

வீட்டில் அவளைக் கூப்பிடுகிற ஆள் நான்தானே. மறுநாள் வேன் சத்தம் கேட்டதும் அடுப்பில் காப்பியை வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நாலு துணியை அரை மணி நேரம் மடித்தேன்.

டிவியில் எப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் எப்போதாவது கேட்பாள். போன மாதம் கேட்டபோது சேலை நிறம் எனக்குச் சட்டென்று வரவில்லை. அதனால்தான் எழுதி வைத்தேன்.

ஏ தாயி, பேத்தி, இங்கன வந்து இதை வாசி. எழுத்து கோணலா இருக்கும், நிதானமா வாசி. உங்க அம்மா அடுப்படியில இருக்கா, அவளுக்குக் கேக்குறாப்ல வாசி.