டிராக்டருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா

எங்கள் அப்பாவும் தாய்மாமனும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில், ஒரே ஒரு நாள், எனக்கு வீட்டில் ராஜ மரியாதை கிடைத்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அன்று ஒரு வேலையும் நடந்திருக்காது.

சண்டைக்குக் காரணம் ஒரு டிராக்டர். மாரமங்கலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும், சாமை விதைக்கக் கொஞ்சம் மேட்டு நிலமும் உண்டு. மூட்டை இழுக்க ஒரு வண்டி வேண்டும் என்று அப்பா சொன்னதும், அவரைவிட வயதில் மூத்த ஒரு டிராக்டரை மாமாதான் தன் ஊரான குப்பனூரில் பேசி முடித்து வாங்கிக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து அது நின்ற இடத்திலெல்லாம் ஆயிலைச் சிந்தியது. ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதில் விழும்படி, “மச்சினன் ஒரு கிழட்டு வண்டிய என் தலைல கட்டிட்டான்” என்று அப்பா சொல்லிவிட்டார். எதிர் வரிசையில் இருந்த மாமா பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போனார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இதில் மாட்டிக்கொண்டது என் தம்பியின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அந்த ஒரு தம்பிதான். “வேற யாரு மடில உக்கார வெச்சாலும் காதுல ஓட்டை உழத்தான செய்யும்?” என்று அப்பா கேட்டார். “அப்படியொரு காது என் பையனுக்கு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அங்கே அவள் அழுததை நான் பார்த்தேன். தம்பி பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் குத்தாத காதோடு திரிந்தான். ஊரில் கேட்காத ஆள் இல்லை.

அப்போதுதான் டிராக்டரின் ஆயில் பில்டர் மோசமாக ஒழுக ஆரம்பித்தது. அம்மா போனை எடுத்தாள். “டேய் தம்பி, நீ வாங்கிக் குடுத்த வண்டி ஆயிலா ஊத்துது. உங்க மாமனப் பாக்க வர வேண்டாம், வண்டியப் பாக்க வா.”

மறுநாள் காலை பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். கையில் புதுப் பில்டர். வீட்டுக்குள் நுழையாமல் நேரே டிராக்டரிடம் போய் நின்றார். அப்பாவும் வந்தார். ஆளுக்கொரு பக்கமாக நின்றுகொண்டு இருவரும் எஞ்சினைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சாமி, பதினேழு நம்பர் ஸ்பானர் இருக்குதான்னு உங்கப்பாகிட்டக் கேளு.”

கேட்டேன். அப்பா ஸ்பானரை என்னிடம் கொடுத்தார். கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் நின்ற இருவருக்கும் நடுவே நான் முன்னும் பின்னும் ஓடினேன். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் வந்து சொல்லி முடிக்கும்வரை விழாத மாதிரியே நிற்பார்கள்.

எஞ்சின் பக்கவாட்டில் சொம்பு அளவுக்கு ஒரு இரும்புக் கிண்ணம் தொங்கியது. அதற்குள்தான் பில்டர் இருக்கும். எல்லா ஆயிலும் இதன் வழியாகத்தான் போகுமா என்று மாமாவைக் கேட்டேன். “இல்ல கண்ணு. ஏற்காட்டுக்கு முக்காவாசி பஸ்ஸு அடிவாரம் ரோட்டுல போவுது. ஒண்ணு ரெண்டு எங்க குப்பனூர் சுத்திப் போவுதுல்ல? அந்த மாதிரி கொஞ்சம் ஆயில் மட்டும் இப்படிச் சுத்தி வந்து சுத்தமாயிட்டுப் போவும்.”

“குப்பனூர் ரோட்டுல போனா நொம்ப வயித்தப் பொரட்டும்னு உங்க மாமன்கிட்டச் சொல்லு கண்ணு” என்றார் அப்பா.

சொன்னேன்.

“பந்தில உக்காந்தா மட்டும் அந்த வயிறு நல்லா இருக்குமான்னு கேளு சாமி.”

கேட்டேன். அப்பா துணியை எடுத்துக் கிண்ணம் பொருந்துகிற மேல்பாகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். மாமா கீழே குனிந்து, கழற்றிய கிண்ணத்தை டீசலில் கழுவினார். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா என்னைக் காப்பி எடுத்துப் போகக் கூப்பிட்டாள். ஆயில் கசியாமல் இருக்க மேல்பாகத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். துடைத்தவர் எடுத்திருப்பார் என்று மாமா நினைத்தார். மாட்டுகிறவர் எடுப்பார் என்று அப்பா நினைத்தார். கேட்டுச் சொல்ல நான் அங்கே இல்லை.

நான் தம்ளர்களோடு திரும்பும்போது அப்பா சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். பழைய வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்த புது வளையம் பிதுங்கிக்கொள்ள, ஆயில் சர்ரென்று பீய்ச்சி மாமாவின் முகத்தில் அடித்தது.

“மாமா, ஆப் பண்ணுங்க! ஆப் பண்ணுங்க!” என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார் அவர்.

அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே குதியாகக் குதித்தார். “மாப்ள, கண்ணுல பட்டுருச்சா? காட்டு, காட்டு!” என்று தன் தோள் துண்டால் மாமாவின் முகத்தைத் துடைத்தார். நான் என் கடமையை விடவில்லை. மூச்சிரைக்க ஓடிப்போய், “அப்பா, மாமா ஆப் பண்ணச் சொல்றாருங்க” என்றேன்.

இருவரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. கரியாகிப் போன முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. அப்பா டயரைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “பக்கத்துல நின்னுட்டு ஒரு வார்த்த கேக்க வாயில்ல ரெண்டு பேருக்கும்” என்று அம்மா வாசலிலிருந்து திட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் திட்டினாள்.

மறுபடி கழற்றி மாட்டினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, “காது குத்த எந்த நாள் தோதுப்படும் மாப்ள?” என்று அப்பா நேராகவே கேட்டார். “நீங்க சொல்ற நாளுங்க மாமா” என்றார் மாமா, இலையைப் பார்த்தபடி. ரசம் எடுக்கப் போன அம்மா திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. எனக்கோ ஒரே வருத்தம். யாரும் இனி என்னிடம் எதையும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தம்பி மாமாவின் மணிக்கட்டைக் கடித்து வைத்தான். அந்தப் பல் தடத்தை மாமா வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பில்டர் மாற்றவும் மாமாதான் வந்தார். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை முறை பார்த்தும் இந்த மனிதருக்கு ஒரு பில்டர் மாற்றத் தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருக்கும். ஒருமுறை மாமாவுக்குக் கால் சுளுக்கிவிட்டது. காப்பி மூட்டை ஏற்றியாக வேண்டிய நாள். அப்பா தனியாகக் குனிந்தார். கழற்றி, கழுவி, வளையத்தை மறக்காமல் மாற்றி, நான் தட்டில் இருந்த உப்புமாவை முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அப்பாடா, ஒருவழியாகக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். அடுத்த முறை பில்டர் மாற்றும் சமயம் வந்தபோது அப்பா வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்: “நமக்கு இது கைக்கு வர மாட்டேங்குது மாப்ள. நீயே வந்துட்டுப் போ.”

அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.