நாய்கள் வாசலுக்கு வராத காலை

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், திருவேட்டக்குடியில் என் தோப்பில் ஆதரவற்ற நாய்களை வளர்க்கிறேன். கூண்டும் கிடையாது, கருணைக்கொலையும் கிடையாது. ஆனால் கேட்டை எப்போதும் உள்பக்கம் பூட்டி, 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று பலகை வைத்திருந்தேன். உறவினர் எவரும் அந்த விதியை மீறியதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, தண்ணீர்த் தொட்டியருகே பாசியில் வழுக்கிக் கால் முறிந்தது. யாரும் அழைக்காத செல்போன் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது. வலியில் கத்தவும் முடியவில்லை. நாய்கள் குரைக்காமல் என்னைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. குரைத்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஊருக்கு அந்தச் சத்தம் பழக்கம்.

தினமும் நாய்களுக்கு மீன்தலை கொண்டுவரும் கலாவதி கேட்டருகே நின்று கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு எல்லா நாய்களும் பாய்ந்தோடும். அன்று ஒன்றுகூட என்னை விட்டு நகரவில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டில் ஏறிக் குதித்தார்.

"என்னா சார், ஒரு நாயும் மீனுக்கு வரலையேன்னு பாத்தா, இப்புடிக் கெடக்குறீங்க!"

"அனுமதி வாங்கினீங்களாம்மா?" என்று முனகினேன்.

"கால்தான் ஒடிஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றபடி ஆட்டோ பிடிக்க ஓடினார்.

இப்போது பலகையைக் கழற்றிவிட்டேன். மாற்றுச் சாவி கலாவதியிடம் இருக்கிறது. தினமும் வந்ததும், "சார், இருக்கீங்களா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே, நாய்களுக்கு முன்பாக நான் கேட்டில் போய் நிற்கிறேன்.