வெயிலைச் சேர்த்து வைத்த வாரம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்குங்க. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள். இப்போ மறதி வேறு. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். ஆனாலும் இது எங்கள் வீட்டுக்காரர் மூச்சு சம்பந்தப்பட்டது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் லாபிஸ் என்கிற ஊரில் இருக்கிறோம். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் வேலை செய்தே அவருக்கு நெஞ்சு கெட்டுப்போனது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருக்கிறது, கரண்டில் ஓடுவது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது மூக்கில் குழாய் இருக்கணும் என்று டாக்டர் சொன்னார்.

ஒரு நாள் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்பியவள், பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். வாசலில் மெஷின் சத்தமே இல்லை. அவர் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

“என்னங்க இது?”

“மெஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தேன்.”

“மெஷினுக்கா?”

“கரண்டு பில்லை நீ பாக்கிறதில்ல. நான் பாக்கிறேன்.”

நான் வெளியே போகும்போதெல்லாம் இதே கதைதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கூரையில் சோலார் போட பேங்கில் கடன் கொடுக்கிறாங்க, அதுக்குப் பச்சைக் கடன் என்று பேர், வட்டி குறைச்சல் என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னாங்க. வீடு என் பேரில் இருப்பதால் நான்தான் போகணும். பஸ் ஏறி சிகாமட் டவுன் பேங்குக்குப் போனேன். என் நம்பரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க வெட்கப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பவும் சீட்டு எடுத்து, இரண்டாம் தடவைதான் எழுந்து போனேன்.

அங்கே இருந்த மலாய்க்காரப் பெண், “எதுக்கு மக்சிக் சோலார் போடுறீங்க?” என்று என்னை அத்தை முறையில் கூப்பிட்டு மலாயில் கேட்டாள். எழுதிக் கொடுக்கிற பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்காம். பூமி சூடாவது, புகை குறைவது என்று ஏதாவது சொல்லணும் போல. எனக்கு அதெல்லாம் வரவில்லை. “என் வீட்டுக்காரர் பயப்படாம மூச்சு விடணும்” என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஒரு மாதத்தில் கடன் கிடைத்தது.

“கடன்ல என்ன பச்சை, நீலம்? எல்லாத்தையும் கட்டித்தானே ஆகணும்” என்றார் இவர். ஆனால் சோலார் பலகைகளை மேலே ஏற்றும்போது நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, ஆணி அடிக்கிறவனுக்கெல்லாம் யோசனை சொன்னார்.

எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாரம்தான். நல்ல உச்சி வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், மறுபடியும் மெஷின் சத்தம் இல்லை. குழாய் கழுத்தில் தொங்குகிறது. தோள் ஏறி இறங்குகிறது.

“இப்ப என்னங்க? வெயில் கரண்டுதானே!”

“அதான்… சொல்றேன். நல்லா… சேரட்டும். ராத்திரி… வேணும்ல? உன் காத்தாடி… சுத்தவும் வேணும்.”

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி அவர் மெஷின் ஓடணுமே என்று, அந்த வாரம் முழுக்க வாஷிங் மெஷினைத் தொடாமல் கையால் துவைத்தேன். முன்னே தோட்டத்தில் இருந்தபோது காலையில் ஒரு மணி நேரம்தான் பைப்பில் தண்ணீர் வரும். வரும்போது பிடித்து வைத்தால் ராத்திரி வரைக்கும் இருக்கும். அப்படியே பழகிய ஆட்கள் நாங்கள்.

முதலில் மெஷினைப் போட்டு, குழாயை அவர் மூக்கில் வைத்தேன். அப்புறம் சோலார் போட்டுக் கொடுத்த பெண்ணுக்கு ஃபோன் அடித்து விஷயத்தைச் சொல்லி, அவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தேன். நம்ம தமிழ்ப் பெண்தான்.

“அலமாக், அங்கல்! மேல கரண்டைச் சேத்து வைக்க டேங்கி எதுவும் இல்ல லா. உங்க வீட்டுல பேட்டரி போடல. நீங்க எடுக்காதது அப்பவே வெளிய ரோட்டுக் கம்பிக்குப் போயிடும். பில்லுல கழிப்பாங்க. ராத்திரிக்கும் மழைக்கும் வழக்கம்போல வெளிய இருந்து கரண்டு வரும்.”

“அப்ப ஒரு வாரமா நான் மூச்சைப் புடிச்சிச் சேத்ததெல்லாம்?”

“அது ரோட்டுக்குப் போயிருச்சி, அங்கல்.”

“எதுத்த வீட்டுக்காரன் என் மூச்சுல உக்காந்து டிவி பாத்திருக்கான்” என்றார் இவர். அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் அவர் காதுக்குப் பின்னால் முறுக்கியிருந்தது, அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் மெஷினை நிறுத்தவில்லை. நான் பாசாரில் இருந்தால் ஃபோன் அடித்து, மெஷின் பக்கத்தில் பிடித்துக் காட்டுகிறார். “கேக்குதா?” என்பார். “கேக்குதுங்க” என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவோம்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறவங்க ஒரு உதவி செய்யணும். மணிக்கணக்கு பதினைந்தா பதினாறா என்று ஒரு டாக்டரிடம் கேட்டுக்குங்க. பில்லில் கழிப்பது பற்றி நான் எழுதியிருப்பது சரிதானா என்றும் விவரம் தெரிந்தவங்களிடம் காட்டித் திருத்திடுங்க. இந்த மாதிரி மெஷின் வேறு வீட்டிலும் இருக்கும். நான் தப்பாக எழுதியதைப் படித்துவிட்டு அங்கே யாரும் நிறுத்திவிடக் கூடாது.