கடைசி வரிசைச் சிரிப்பு

ஏசி மெக்கானிக்குக்குப் பட்டறையில் 'துப்பு' என்று பெயர். துப்பறிவாளர் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லாததால் பாதியில் நின்றுபோன பெயர் அது. குழாயில் எங்கோ கேஸ் கசிகிறதென்றால் சோப்பு நுரையைப் பூசிவிட்டு, குமிழி கிளம்புகிறதா என்று கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். எங்காவது ஓரிடத்தில் குமிழி வந்தே தீரும் என்பது அவர் கட்சி. தொழிலுக்கு அது சரி. வீட்டுக்குள்ளும் அதே நுரையோடு திரிந்தால்? பால் ஏன் இன்றைக்குத் தண்ணியாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் திடீரென்று வணக்கம் வைக்கிறார், போன் ஏன் ஒரு தடவை அடித்துவிட்டு நின்றது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ இருந்தது. மனைவி அடுப்படியில் எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்தால் போதும், வந்து நின்றுவிடுவார்.

"எதுக்குச் சிரிச்சே?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது சிரிப்பாங்களா?"

கல்யாணமான புதிதில் அவளும் பதில் சொல்லிப் பார்த்தாள். காரணத்தை விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு செத்துப்போயிருக்கும். போகப்போக அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கிற மனுஷன் இதை மட்டும் கோட்டைவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஊரைச் சிரிக்கவைக்கும் ஆளாக ஆனார் என்பதுதான் வேடிக்கை. தொலைக்காட்சி நிலையத்தில் ஏசி உறுமுகிறது என்று கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். போனால், அங்கே ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஒத்திகை. நிகழ்ச்சிக்காகவே ஒரு பொய்யான பாப் இசைக்குழுவை உண்டாக்கி, 'கரண்ட் கட்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடிக்க ஒரு நடிகர், டிரம்ஸுக்கு ஒரு குண்டு நடிகர், கித்தாருக்கு ஒரு நடிகை. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பாட்டு தனியாகப் பதிவாகி வந்துவிடும், இவர்கள் வாயையும் கையையும் அசைத்தால் போதும். கீபோர்டுக்காரர் மட்டும் அன்றைக்கு வந்து சேரவில்லை. இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். ஏணிமேல் மெக்கானிக் நின்றிருந்தார்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் கீழ வந்து சும்மா நில்லுங்க."

சும்மாவா? மெக்கானிக்கின் வாழ்க்கையில் யாரும் அவரைச் சும்மா கூப்பிட்டதில்லை. இறங்கி வந்து நின்றார். நின்றதும் முதல் வேலையாகக் கீபோர்டின் வயரைப் பார்த்தார். அது எங்கும் சொருகப்படாமல் தரையில் கிடந்தது. பிடுங்கியது இவன்தானோ என்பதுபோல் பாடகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இன்னும் உறுமிக்கொண்டிருந்த ஏசியை ஒருக்களித்து ஒரு பார்வை. ஒத்திகை பார்க்க வந்திருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காமல் கூட்டத்தையும் அதே மாதிரி பார்த்துவைத்தார். இன்னும் சிரித்தார்கள்.

அன்றோடு நிஜக் கீபோர்டுக்காரரை மறந்துவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் படப்பிடிப்புக்கு மெக்கானிக் பளபளக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். 'கரண்ட் கட்' பாட்டு பஸ்ஸிலெல்லாம் ஒலித்தது. தெருப்பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒரு கண்ணைச் சுருக்கிக் காட்டிவிட்டு ஓடினார்கள். வீட்டில் மனைவி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறு மாலை டிவியில் நிகழ்ச்சி ஓடும்போது துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் அவர் அந்தச் சிரிப்பைக் கவனித்தார்.

விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் மேடையிலிருந்து பார்த்தால் கூட்டம் வெறும் இருட்டு. சிரிக்கவேண்டிய இடத்தில் பக்கவாட்டிலுள்ள பலகையில் விளக்கு எரியும், கூட்டம் சிரிக்கும். ஆனால் பலகை எரிவதற்கு முன்பே, அவர் கண்ணைச் சுருக்கிய அந்த நொடியிலேயே, கடைசி வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். களுக்கென்று தொடங்கி, அடக்க முடியாமல் உயர்ந்து, ஒரு விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. வாராவாரம் அதே சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவருக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் சங்கடம். வியாழக்கிழமை காலையிலேயே காது அதைத் தேட ஆரம்பித்துவிடும். பிடித்துப்போன பொருளைத்தான் மனுஷன் அதிகமாகச் சந்தேகப்படுகிறான். அரங்க மேலாளரைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரிசையில ஒரு அம்மா சிரிக்குதே, யாரு அது?"

"யாரோண்ணே. தவறாம வருது. சும்மா வருது."

மறுபடியும் சும்மா! கூலிக்கு ஆள் வைத்துச் சிரிக்கவைக்கிறார்கள், அவ்வளவுதான். என்னைக் கோமாளியாக்கிப் பார்க்கக் கூலிக்கு ஒரு சிரிப்பு. அப்படியென்றால் ஊர் சிரிப்பதும் பொய், சட்டையும் பொய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அங்கேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவுகட்டினார்.

வீட்டிலும் ஒரு புகைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மனைவியின் புறங்கையில் நீலமாக ஒரு மைக்கறை.

"கையில என்ன?"

"பேனா ஒழுகிடுச்சு."

எழுதாத வீட்டில் பேனா ஏன் ஒழுகுகிறது? வியாழக்கிழமை எங்கே போனாய் என்றால், தங்கச்சி வீட்டுக்கு என்றாள். தங்கச்சிக்குப் போன் போட்டால், கேட்பதற்கு முன்பே "ஆமாம் மாமா, அக்கா இங்கதான் இருந்தா" என்று பதில் வந்தது. இரண்டு கசிவு, இரண்டையும் அவர் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் ஒன்றுதான் என்பது தோன்றவில்லை.

அடுத்த வியாழன் பளபளச் சட்டைக்குள் வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சை ஒளித்துக்கொண்டு மேடையேறினார். பாட்டு தொடங்கியது. கண்ணைச் சுருக்கினார். களுக். விக்கலுக்குக்கூடக் காத்திருக்காமல் கீபோர்டை விட்டுவிட்டு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் இறங்கினார். இதுவும் நிகழ்ச்சியின் அங்கம் என்று நினைத்து ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கேமரா பின்னாலேயே வந்தது. டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போய், கடைசி வரிசையில், வாயைப் பொத்தியிருந்த ஒரு கையில் நின்றது. புறங்கையில் நீல முத்திரை. பார்வையாளர்களுக்கு வாசலில் குத்தி அனுப்பும் முத்திரை.

கை இறங்கியது. அவர் மனைவி.

"நீயா?"

"ஆமாங்க."

வேறு மனுஷனாக இருந்தால் அங்கே வேறு எதையாவது கேட்டிருப்பான். இவர் கேட்டார்: "யார் உனக்குக் காசு குடுத்தது?"

கூட்டம் இதற்கும் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். என் சிரிப்பு உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

டார்ச்சை அணைக்க அவருக்குக் கை வரவில்லை. துப்பு கெட்டவன் என்று ஊரில் வையும்போது அது யாரைப் பற்றியோ என்று இருந்திருந்தார். தன் வீட்டுச் சிரிப்பை மாதக்கணக்கில் வெளியே தேடியவன் தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நீங்க அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கறப்ப எனக்கு உண்மையாவே சிரிப்பு வருதுங்க. வீட்டுல சிரிச்சா கேள்வி வரும். அங்க எதுக்குச் சிரிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல."

"கேக்க மாட்டேன். அடுத்த வாரமும் வா."

"வேணாங்க. நீங்க காதைத் தீட்டிக்கிட்டு நிப்பீங்கன்னு தெரிஞ்சப்புறம் எப்படிச் சிரிப்பு வரும்?"

சொன்னபடியே அவள் வரவில்லை. மெக்கானிக் கண்ணைச் சுருக்கினார், பலகை எரிந்தது, கூட்டம் சிரித்தது. அவருக்கு அது யாரோ வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுவதுபோல இருந்தது. முகத்தில் பழைய சந்தேகப் பார்வை வரவே இல்லை. "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று இயக்குநர் கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு மாலைதான் அந்த டார்ச் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கத் துணி ஒன்றும் மிச்சமில்லை. பெட்டிக்குள் அவர் கண்ணைச் சுருக்கியதும் களுக்கென்று அவள் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அந்தச் சிரிப்பு பெட்டிக்குள்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் பிரிட்ஜ் 'டக்' என்றது. நின்றது. மறுபடியும் 'டக்'. அது கம்ப்ரஸரா, இல்லை வேறு ஏதாவதா? அவரையறியாமல் தலை திரும்பியது, கண் சுருங்கியது, பிரிட்ஜை ஏற இறங்கப் பார்த்தார்.

களுக்.

தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு உயர்ந்து, விக்கலுக்குப் போய், நடுவில் சட்டென்று நின்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது. வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.