இடது தோள் கால் இஞ்ச்

டோரீன் தைத்த ரவிக்கையைக் குறை சொன்னவர்கள் பெங்களூர் பிரேசர் டவுனில் இல்லை. இருந்திருந்தால் அவள் சும்மா விட்டிருக்கவும் மாட்டாள். இருபத்திரண்டு வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். உடம்பு எப்படி இருந்தாலும் துணி நேராக நிற்க வேண்டும், அதுதான் அவள் கட்சி. மெஷினை மிதிக்கும் நேரம் தவிர ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாதவள்.

அப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு ரெடிமேட் ஜெர்சி ஆட்டிவிட்டது.

மகள் நோராவுக்குப் பதிமூன்று வயது. அம்மா தைத்ததைத் தவிர வேறெதையும் போட்டறியாத பெண். த்ரோபால் ஜெர்சியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அது இடது பக்கம் சரிந்து தொங்கியது.

"கோணலா வெட்டி வச்சிருக்கான், கழட்டுடி" என்று டோரீன் அதை வாங்கி, மேஜையில் விரித்து, நடுவாக மடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்று. கோணல் ஜெர்சியில் இல்லை. அளவு நோட்டை எடுத்தாள், நோராவின் அளவுகள் எழுதிய பக்கத்தைப் பார்த்தாள், சட்டென்று மூடிக் கைப்பையில் திணித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் மமதா நோராவைக் கைகளைச் சேர்த்துக் குனியச் சொன்னார். குனிந்ததும் முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழுந்தது. அதன்பின் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அது வருவதற்குள் டோரீன் வராந்தாவை அளந்துவிட்டாள். நர்ஸ் இரண்டு தடவை உட்காரச் சொல்லி ஓய்ந்துபோனாள். படம் வந்ததும் டாக்டர் கன்னடம் கலந்து விளக்கினார்.

"நோடிம்மா, பாருங்க, முதுகு கூன் விழறது ஒரு வகை. இடுப்புகிட்ட உள்பக்கமா ஜாஸ்தி குழியறது ஒரு வகை. இவளுக்குப் பக்கவாட்டுல வளைஞ்சிருக்கு, ஸ்கோலியோசிஸ். இருபத்தி நாலு டிகிரி."

"எதனால டாக்டர்? புக்ஸ் பேகா? படுத்துக்கிட்டே போன் பாக்குறாளே, அதா? நான் ஏதாச்சும் சரியா குடுக்கலையா?"

"சிலருக்குப் பிறக்கும்போதே எலும்பு கோளாறா இருக்கும். சிலருக்கு நரம்பு, தசை வியாதியால வரும். இவளுக்கு அதெல்லாம் இல்ல. வளர்ற வயசுல வர்ற இந்த வகைக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. பேகும் இல்ல, நீங்களும் இல்ல."

டோரீனுக்கு நிம்மதி வரவில்லை. டாக்டர் இன்னும் முடிக்கவில்லை.

"வளைவு ஏறிட்டே இருந்தா இப்பவே முதுகைப் பிடிச்சு நிறுத்துற பெல்ட் போடணும். விட்டா ஆபரேஷன்ல கொண்டு விடலாம். ஏறலன்னா ஆறு மாசம் பாக்கலாம். பழைய எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்கா?"

எக்ஸ்ரே இல்லை, நோட்டு இருந்தது. கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அதைக் காட்டினால் மகளுக்கும் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் ஆறு மாதம் போய்விடும். எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முந்தின வருடக் கிறிஸ்துமஸ் கவுனுக்கு 'இடது தோள் கால் இஞ்ச் இறக்கம், பேட் வை' என்று அவள் கையெழுத்து. ஈஸ்டருக்கு அரை. இந்த ஜூன் யூனிபாரத்துக்கு முக்கால்.

"யார் எழுதினது?"

"நான்தான். என் வெட்டுதான் தப்புன்னு நெனச்சேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும் தோளுக்குள்ள பஞ்சு பேட் வச்சு மறைச்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். நோரா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மமதா தேதிகளை மறுபடி படித்தார். "இது எக்ஸ்ரேக்கு ஈடாகாது. ஆனா வளைவு ஏறுதுன்னு சொல்லுது. காத்திருக்க வேணாம், பெல்ட் போட்டுடலாம்."

வீட்டுக்கு வந்ததும் டோரீன் மெஷினைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நோரா வந்து எதிரில் நின்றாள்.

"மம்மி, பெல்ட்டுக்கு மேல போடுற சட்டையும் நீயே தச்சிடு. பேட் மட்டும் வைக்காத. தெரியட்டும்."

டோரீன் டேப்பை எடுத்து மகளை அளந்தாள். இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம் என்று உள்ளபடி எழுதினாள். துணியை மட்டும் அந்த ஜெர்சி மாதிரியே இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டினாள்.