செத்தல் மிளகாயும் என் மனைவியின் நாக்கும்

போன மாரியில் வந்த காய்ச்சல் என் மனைவியின் நாக்கிலிருந்து ருசியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மணமும் தெரியாது. "பொறுங்கள், திரும்பி வரும்" என்றார் டொக்டர். பொறுத்துப் பொறுத்து அவள் கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். சமைப்பாள், எனக்குப் போடுவாள், "உப்புச் சரியோ?" என்று கேட்பாள், தான் சாப்பிடமாட்டாள்.

"மண்ணைத் தின்னுற மாதிரி இருக்கப்பா" என்பாள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல்.

சுவிஸில் நாங்கள் இருக்கிற லோசானில், ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சிச்சுவான் சீனச் சாப்பாட்டுக் கடை. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அங்கே செத்தல் மிளகாய் பொரியும் புகை தெருவுக்கு வந்து தும்ம வைக்கும். அந்தச் சாப்பாடு இவளையும் ஏதாவது செய்யும் என்று நினைத்து ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டிக்கொண்டு போனேன்.

பரிமாறிய சீனப் பெண்மணிக்கு எங்கள் வயதிருக்கும். மிளகாய்க் கோழி கேட்டோம். வந்தது இனித்தது. வெள்ளைக்காரருக்குச் செய்கிற மாதிரியே எங்களுக்கும் செய்திருந்தார்கள். தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்கள் வீட்டில் சாப்பிடுகிற மாதிரிக் கொண்டு வாருங்கள்" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். குரல் கூடிவிட்டது.

"மெதுவாக் கதையுங்கோ. சண்டைக்கோ வந்தனாங்கள்?" என்றாள் மனைவி.

இரண்டாவது தட்டில் செத்தல் மிளகாய் மலையாகக் குவிந்திருந்தது. நடுவில் விரல்நுனி அளவில் கோழித் துண்டுகள்.

"இறைச்சியைக் காணேல்லை. மிளகாயைத்தான் விக்கினம்" என்றேன்.

ஆனால் தட்டில் வைத்ததை மிச்சம் விடுகிற ஆட்களில்லை நாங்கள். மோர்மிளகாய் கடிக்கிற மாதிரிச் சோற்றோடு கடித்தேன். அவளும் கடித்தாள். பெண்மணி ஓடி வந்தார்.

"அதைச் சாப்பிடுவதில்லை! அது மணத்துக்கு! கோழியை மட்டும் பொறுக்குங்கள்!"

"யாழ்ப்பாணத்தாருக்கு மிளகாய் பழக்கிறா" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கண்ணும் மூக்கும் ஒழுகின. விக்கலும் பிடித்துக்கொண்டது.

"பெரிய யாழ்ப்பாணத்தார்!" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தி உதட்டைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, வாய் விறைக்குது."

நான் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவன். வாய் விறைத்து வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்திருக்கிறேன். கதிரை விழ எழும்பி, அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். பெண்மணி பதறவில்லை. தட்டிலிருந்து மிளகளவில் சிவப்பாக ஒரு காயை எடுத்துத் தானும் கடித்தார். விறைப்பு இதனால்தான் என்கிற மாதிரித் தன் உதட்டைத் தொட்டு, விரல்களை நடுங்க வைத்துக் காட்டிச் சிரித்தார்.

"இருங்கோப்பா" என்றாள் மனைவி. "எறும்பு ஊருற மாதிரி இருக்கு. ருசி இல்லை. ஆனா வாயிலை ஏதோ இருக்கெண்டு தெரியுது."

இன்னொன்றைத் தேடி எடுத்துக் கடித்தாள். பிறகு சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். அது முடிய, பெண்மணி கேளாமலே இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்தார்.

மிச்ச மிளகாயைக் கட்டித் தரச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டே கட்டித் தந்தார். மறுநாள் மனைவி அதைச் சம்பலாக இடித்தாள்.

"உப்புச் சரியோ?"

உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் தன் கோப்பையையும் எடுத்து வந்து எனக்கு எதிரே இருந்துவிட்டாள்.

"ஓம், சரி. சோத்தைப் போடு" என்றேன்.