முடியும் என்று சொன்ன மாமனார்

கிடங்கு சூப்பர்வைசரம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கத் தலை சுற்றியது. வீட்டில் முடியாதவர்களை வைத்திருக்கும் ஊழியர்களுக்குக் கம்பெனி இரண்டு சலுகைகளை நீட்டி, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றது. முதலாவதில், வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். மிச்சம் இருந்தால் வருடக் கடைசியில் போயே போச்சு. இரண்டாவதில், ஆயாவின் கூலியில் பாதியைக் கம்பெனியே கொடுக்கும். ஆனால் வீட்டில் இருப்பவருக்குத் தன் காரியத்தைத் தானே செய்ய முடியாது என்று உறுதியாக வேண்டும்.

எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ! மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் ரசீது கேட்டால், "நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆக, இரண்டாவதுதான் கதி. ஆயாவின் கூலி ஏறியதிலிருந்து அவளுக்குக் கொடுக்கவே இவள் வேலைக்குப் போவதுபோல் ஆகிவிட்டது. லாரி ஓட்டும் கணவர் பாதி நாள் வீட்டில் இல்லை. சலுகை கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபின் சட்டைப் பொத்தான்கூடக் கைக்கு அடங்குவதில்லை. இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும் என்று தைரியமாக விண்ணப்பித்தாள். தகுதியில்லை என்று பதில் வந்தது.

சலுகைப் பிரிவுக்கு ஓடினாள். வீட்டுக்கு ஃபோன் போட்டு அவரிடமே விசாரித்தார்களாம். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்து வாசித்தாள்: "தானே குளிக்கிறார். தானே உடுத்துகிறார். மாடிப்படி ஏறுகிறார்."

"எங்க வீட்டுல மாடியே கிடையாதும்மா!"

கெஞ்சிக் கூத்தாடி, மறுநாள் காலை இன்னொரு முறை பேசச் சம்மதிக்க வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். நீங்க பாட்டுக்கு மாடி ஏறுறேன்னு அளந்து விட்டிருக்கீங்களே மாமா!"

"பின்ன எப்படிம்மா சொல்றது?"

"முடியாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். இல்லேன்னா என் வேலை போச்சு."

சரி என்று தலையை ஆட்டினார்.

காலையில் சலுகைப் பிரிவுப் பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது. பதில் எடுத்துக் கொடுக்கத் தயாராக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் கேள்விக்கு வாயைத் திறந்தவர், அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவள் பல்லைக் கடித்தபடி ஜாடை காட்டினாள்.

"கொஞ்சம் இருங்க" என்று ஃபோனில் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். "நீ வெளியில போம்மா."

"இன்னும் என்ன மாமா?"

"சொல்லிடறேன். உன் முன்னால வாய் வரல."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது.

"குளிக்க முடியாதும்மா... இல்ல, அதுவும் முடியாது... தனியா விட்டா பாத்ரூமுக்கும் போக முடியாது."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாரம் முழுக்க நாயாய் அலைந்தாள். இப்போது, அந்தப் பெண் கேட்பதை நிறுத்தித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.